குடலின் நரம்பும் இன்சுலின் ஊசியும்



சர்க்கரை நோயைப் பற்றி எழுதாத இதழ் இல்லை. பேசாத வீடும் இல்லை. கண் பார்வை மங்கும், காலில் புண் ஆறாது, சிறுநீரகம் பழுதுபடும் என்பனவெல்லாம் நம் வீட்டுச் சிறுவர்களும் ஒப்பிக்கும் பாடங்களாகிவிட்டன. ஆயினும், இந்நோய் நம் வயிற்றுக்குள் புகுந்து அங்குள்ள நரம்புகளையும் கெடுக்கவல்லது என்பதைப் பலர் அறியார். அறியாமையினால் விளையும் துன்பமோ, நோயினால் விளைவதைவிடச் சில வீடுகளில் பெரிதாயிருக்கிறது. ஆதலின் இம்மாதம் அதைப் பற்றியே எழுதலாமென எண்ணினோம். நாம் மருத்துவர் அல்லோம். மருத்துவர் எழுதியவற்றைப் படித்தும், நோயாளிகளின் கட்டிலருகே அமர்ந்து கேட்டும் அறிந்தவற்றையே இங்குச் சொல்கிறோம்.

காரைக்காலில் இருப்போர் இதைக் கூர்ந்து கவனிக்கத் தனிக் காரணம் ஒன்று உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனமும் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை நோயாளிகள் என்று அது கணித்தது. வயது வந்தோரில் நாடு தழுவிய விழுக்காடு 11.4. கோவாவில் 26.4; அதற்கு அடுத்த இடம் புதுவை ஒன்றியப் பகுதிக்கு, 26.3! காரைக்காலும் அப்பகுதியைச் சேர்ந்ததே. நான்கு பேர் அமர்ந்து உண்ணும் பந்தியில் ஒருவருக்கு இந்நோய் என்பது இதன் பொருள். 1954-இல் பிரெஞ்சு ஆட்சி இவ்வூரை விட்டு நீங்கியது. கஞ்சியும் மீன் குழம்புமாய் வயலிலும் கடலிலும் உழைத்த தலைமுறையும் மெல்ல நீங்கியது. பின்வந்தோர்க்கு உட்கார்ந்த வேலையும் மூன்று வேளை அரிசிச் சோறும் வாய்த்தன.

வீடு சந்திக்கச் செல்லும்போது நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று. "சாமி, ஊசி போட்டேன், நேரத்துக்குச் சாப்பிட்டேன், அப்புறமும் வேர்த்துக் கொட்டி மயக்கம் வந்திடுச்சு. ஆனா ராத்திரி பாத்தா சர்க்கரை முந்நூறு! இது என்ன கணக்கு?" அருகில் நிற்கும் மருமகளோ, "அத்தை ஒளிச்சு வச்சு லட்டு திங்கிறாங்க சாமி, வேற என்ன?" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். லட்டுத் தின்றவர்கள் உண்டு, இல்லையென்று சொல்லோம். ஆயினும் லட்டைத் தொடாதவர்களும் இதே குற்றக் கூண்டில் நிறுத்தப்படுகிறார்கள். "நான் திங்கல, என்னை யாரும் நம்புறதில்லை" என்று ஒரு முதியவள் அழும்போது அந்தக் கண்ணீரை நாம் எளிதாய்க் கடந்து செல்வதற்கில்லை. அந்தக் கணக்கின் விடை, பல வேளைகளில், அவள் இரைப்பையிலுள்ள நரம்புகளில் இருக்கிறது.

மனிதனுக்கு மூளை தலையில் மட்டுமே உள்ளது என்று எண்ணுகிறோம். உணவுக்குழல் தொடங்கி மலக்குடல் ஈறாக, குடற்சுவரின் தசை அடுக்குகளுக்கு இடையே கோடிக்கணக்கான நரம்பணுக்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. மைஸ்னர் என்னும் செருமானிய அறிஞர் 1857-இல் ஒரு வலையையும், அவர்பாக் என்பவர் 1862-இல் தசைகளுக்கு நடுவிலுள்ள மற்றொரு வலையையும் கண்டு விவரித்தனர். இன்றும் அவர்கள் பெயராலேயே அவை வழங்குகின்றன. 1899-இல் இலண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர், வெளியிலிருந்து வரும் நரம்புத் தொடர்பை அறுத்துவிட்டாலும் குடல் தானே தன் வேலையைச் செய்யும் என்று காட்டினர். உணவுக் கவளம் ஓரிடத்தில் தங்கினால், அதற்குப் பின்புறத் தசை சுருங்குகிறது. முன்புறத் தசை தளர்ந்து வழிவிடுகிறது. சுருங்குவதும் தளர்வதும் மாறி மாறி நடந்தே உணவு நகர்கிறது. இதற்குத் தலையிலுள்ள மூளையின் கட்டளை வேண்டுவதில்லை. ஆகவேதான் இவ்வலையை 'இரண்டாம் மூளை' என்று சிலர் அழைக்கின்றனர்.

இங்கே ஒரு நுட்பம். சுருக்குவதற்கு ஒருவகை நரம்பணு, தளர்த்துவதற்கு வேறுவகை நரம்பணு. தளர்த்தும் அணுக்கள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவையே தூதாக அனுப்புகின்றன. இரைப்பையின் மேற்பகுதி தளர்ந்து உணவை ஏற்றுக்கொள்வதும், அடியிலுள்ள வாயில் திறந்து உணவைச் சிறுகுடலுக்கு விடுவதும் இவ்வணுக்களின் தயவால். சர்க்கரை நோய் முதலில் பதம் பார்ப்பது பெரும்பாலும் இவற்றைத்தான். தளர வேண்டியது தளராமற்போனால் நான்கு கவளத்திலேயே வயிறு நிரம்பியதாய்த் தோன்றும். திறக்க வேண்டிய வாயில் திறவாமற்போனால் உணவு மணிக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். இரவில் உண்டது காலையில் உண்ட வடிவிலேயே வாந்தியாய் வரும். இரைப்பைச் செயலிழப்பு எனப்படும் இந்நிலைக்கு 1958-இல் கசாண்டர் என்னும் மருத்துவர் தனிப் பெயரிட்டு எழுதினார்.

இரைப்பையோடு இது நின்றுவிடுவதில்லை. பெருங்குடலில் நரம்பு தளர்ந்தால் பிடிவாதமான மலச்சிக்கல். சிறுகுடலில் ஒழுங்கு கெட்டால் நீர்போன்ற கழிச்சல், அதுவும் பெரும்பாலும் இரவில். கடைவாயின் நரம்பு தளர்ந்தால் தன்னை அறியாமல் ஆடை கெடுதல். இந்தக் கடைசிக் குறியை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பூசைக்குத் தவறாமல் வந்தவர் ஒருவர் கடைசி வரிசைக்கு மாறுகிறார், பின்பு வாயிலருகே நிற்கிறார், பின்பு வருவதேயில்லை. பக்தி குறைந்துவிட்டது என்று பிறர் பேசுகின்றனர். அந்த மனிதரின் நெஞ்சில் இருப்பதோ பக்திக் குறைவன்று, வெட்கம். மருத்துவரிடமும் அவர் சொல்வதில்லை. சொன்னால் மருந்து உண்டு, பயிற்சி உண்டு.

சர்க்கரை நரம்பை எப்படிக் கெடுக்கிறது? வழிகள் பல. மிகுந்த சர்க்கரை அணுவுக்குள் புகுந்து, எரிந்து, அழிவு செய்யும் கழிவுப் பொருள்களைப் பெருக்குகிறது. புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெட்டியாக்குகிறது. நரம்புக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்களின் சுவர் தடிக்கிறது. சர்க்கரை மட்டுமே குற்றவாளி என்று முன்பு எண்ணியிருந்தனர். பிற்காலத்து ஆய்வுகள் இன்னொரு உண்மையைக் காட்டின. இன்சுலின் என்பது சர்க்கரையைக் குறைக்கும் பொருள் மட்டுமன்று. அது நரம்புக்கும் குடலணுவுக்கும் ஊட்டமளிக்கும் பொருளுமாகும்.

1921-இல் கனடாவின் டொரண்டோ நகரில் பேண்டிங்கும் பெஸ்டும் இதைக் கண்டெடுத்தனர். 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதல் செலுத்தப்பட்டது. அக்காலத்தில் அது உயிரைக் காத்ததே போதுமென்றிருந்தது. நம் தமிழகத்தில் 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் மு. விசுவநாதன் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். நாட்டிலேயே அது முதன்முதலானதெனக் கூறப்படுகிறது.

குடல் நரம்புகளுக்கு இன்சுலின் செய்யும் நன்மை பற்றி எலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகள் பல உள்ளன. அவற்றில் மூன்றைச் சொல்வோம். 2000-இல் அமெரிக்க அறிஞர்கள், சர்க்கரை நோயுற்ற சுண்டெலிகளின் இரைப்பையில் நைட்ரிக் ஆக்சைடைச் செய்யும் நொதியம் அருகிவிட்டதைக் கண்டனர். நரம்பணு செத்துவிட்டதா? இல்லை, வேலையை நிறுத்தியிருந்தது. இன்சுலின் செலுத்தியதும் அந்நொதியம் மீண்டது; இரைப்பையும் முன்போல் இயங்கியது. 2003-இல் வெளிவந்த வேறோர் ஆய்வு இதற்கு ஒரு கெடு வைத்தது. நோயின் முதற்கட்டத்தில் நரம்பணு சோர்ந்து கிடக்கும்; அப்போது இன்சுலின் கொடுத்தால் எழும். நாள்கள் கடந்தால் அது மடிகிறது. மடிந்தபின் எவ்வளவு இன்சுலின் கொடுத்தும் எழவில்லை. வாடிய நாற்றுக்குத் தண்ணீர் விட்டால் நிமிரும், காய்ந்து சருகானதற்கு விட்டுப் பயனில்லை என்பது நம் டெல்டா உழவனுக்குத் தெரிந்த செய்திதானே! மேட்டூரில் அணை திறந்து, தண்ணீர் அரசலாற்றின் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் பயிர் என்னாகுமென்று ஏங்கிய வயிறுகள் இவ்வூரில் பல.

மூன்றாவது ஆய்வு 2005-இல் வந்தது. இரைப்பைத் தசைக்குத் தாளம் போட்டுத் தரும் அணுக்கள் சில உண்டு. அவற்றைக் கண்ட இசுபானிய அறிஞர் காகல் பெயரால் அவை வழங்குகின்றன. சர்க்கரை நோயில் அவை குறைகின்றன. மிகுந்த சர்க்கரையினால் குறைகின்றனவா, இன்சுலின் இன்மையால் குறைகின்றனவா என்று சுண்டெலியின் இரைப்பைத் துணுக்குகளை வைத்துச் சோதித்தபோது, இன்சுலினும் அதையொத்த வளர்ச்சிப் பொருளும் குறைந்ததே காரணமென்று தெளிந்தது. ஊசிக்கு அஞ்சி, "இன்னும் கொஞ்ச நாள் மாத்திரையிலேயே ஓட்டுவோம்" என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். "ஊசி ஆரம்பிச்சா முடிஞ்சது கதை" என்பது நம்மூர்த் திண்ணைப் பேச்சு. ஊசி தொடங்கியதால் கதை முடிந்தவர்களைவிட, தொடங்கத் தாமதித்ததால் முடிந்தவர்களை நாம் மிகுதியாக அடக்கம் செய்திருக்கிறோம்.

அதற்காக, இன்சுலின் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்றும் எண்ணலாகாது. அங்கேரியில் செகெட் நகரத்துப் பல்கலைக்கழகத்தார், எலிகளுக்கு நோய் தோன்றிய உடனேயே இன்சுலின் கொடுத்து, குடலைப் பகுதி பகுதியாய் எடுத்து நரம்பணுக்களை எண்ணிப் பார்த்தனர். எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் கெடவுமில்லை. இன்சுலின் எல்லாப் பகுதிகளையும் ஒரே அளவில் காக்கவுமில்லை. குடல் ஒரே குழாயாயினும் அதன் ஒவ்வொரு முழத்துக்கும் தனி இயல்பு. ஒரே நோயாளிக்கு மலச்சிக்கலும் கழிச்சலும் மாறி மாறி வருவதன் மருமம் இதனால் சற்றே விளங்குகிறது.

இவை எலிகள், மனிதரிடத்தில் எப்படி? அமெரிக்காவிலும் கனடாவிலும் 1441 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1993-இல் வெளியிட்ட ஆய்வில், இன்சுலினைக் கொண்டு சர்க்கரையைக் கண்டிப்பாய்க் கட்டுப்படுத்தியவர்களுக்கு நரம்புக் கோளாறு 60 விழுக்காடு குறைந்தது. இவர்கள் இளமையிலேயே நோயுற்ற முதல்வகையினர். நம் ஊரில் மிகுதியாயுள்ள இரண்டாம் வகையினருக்கு நரம்பு சார்ந்த பயன் இவ்வளவு பெரிதன்று. ஆயினும் பயன் உண்டு.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுவோம். நெடுங்காலம் மிகுந்திருந்த சர்க்கரையைச் சில வாரங்களில் தடாலெனக் கீழே இறக்கினால் நரம்புகள் அதைத் தாங்காமல் கடும் எரிச்சலும் வலியும் உண்டாவது உண்டு. எழுந்து நின்றால் தலை சுற்றும், வயிறும் கெடும். 1933-லேயே இதை எழுதிவைத்தனர். மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு குறுகிய காலத்தில் இரண்டு புள்ளிக்குமேல் விழும்போது இது நேரக்கூடும். ஆகவே பக்கத்து வீட்டார் 20 யூனிட் போடுகிறார் என்று தாமும் ஏற்றிக்கொள்வதும், பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் கொணர்ந்த புது மருந்தை அளவு தெரியாமல் தொடங்குவதும் தகாது. அன்பளிப்பாக வரும் சட்டையை அளவு பாராமல் உடுத்தலாம். மருந்தை அப்படிச் செய்யலாகாது.

இனி, அந்த முதியவளின் கணக்குக்கு வருவோம். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசி, உணவு குடலுக்குப் போய்ச் சர்க்கரையாகி இரத்தத்தில் சேரும் நேரத்தை அனுமானித்தே போடப்படுகிறது. இரைப்பை சோம்பிக் கிடந்தால், ஊசி தன் வேலையைத் தொடங்கும் நேரத்தில் உணவு இன்னும் உள்ளே தூங்குகிறது. இன்சுலின் இருக்கிற சர்க்கரையையும் இழுத்துவிடுகிறது. வேர்வை, நடுக்கம், மயக்கம். ஊசியின் வலு தீர்ந்தபின் உணவு மெல்லக் குடலுக்கு இறங்குகிறது; இப்போது அதை எதிர்கொள்ள இன்சுலின் இல்லை; சர்க்கரை முந்நூறு. போதாக்குறைக்கு, மிகுந்த சர்க்கரையே இரைப்பையை மேலும் மந்தமாக்கும். ஆக, லட்டுத் திருடாமலே லட்டுத் திருடியவளின் கணக்கு அவளுக்கு வந்துவிடுகிறது! மருமகள் இதை அறிந்தால் வீட்டில் பாதிச் சண்டை ஓயும் என்பது நம் துணிபு.

இத்தகைய மயக்கம் வருகையில் பிஸ்கட்டோ சோறோ கொடுத்தால் அதுவும் இரைப்பையிலேயே தங்கிவிடக்கூடும். திடப்பொருளைவிட நீர்ப்பொருள் விரைவில் இறங்கும். ஆதலின் நினைவோடிருப்பவருக்குக் குளுக்கோசையோ சர்க்கரையையோ நீரில் கரைத்துக் கொடுப்பது நல்லது. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. சிலருக்கு ஊசியைச் சாப்பாட்டுக்கு முன் போடாமல் பின் போடும்படி மருத்துவர் மாற்றிக் கொடுப்பார். அது அவர் செய்ய வேண்டிய மாற்றம், நாமாகச் செய்வதன்று.

உணவிலும் ஒரு முரண் இருக்கிறது. சர்க்கரை நோயாளிக்குக் கீரையும் நார்க்காயும் கொண்டைக்கடலையும் நல்லவை என்றே சொல்லிவந்தோம், அது சரியே. ஆனால் இரைப்பை செயலிழந்தவருக்கு நாரும் கொழுப்பும் மேலும் சுமையாகின்றன. அவருக்குச் சிறிது சிறிதாய், ஐந்தாறு வேளையாய், நன்கு மசிந்த உணவு ஏற்றது. குழைந்த சோற்றோடு முள் நீக்கிய மீன், கொழுப்பு நீக்கிய மோர், வடிகட்டிய காய்ச்சாறு ஆகியன பொருந்தும். தேங்காய்ப் பால் மிகுந்த குழம்பும் பொரித்த வஞ்சிரமும் பொருந்தா. ஒரே வீட்டில் இருவருக்கும் சர்க்கரை. ஒருவருக்குக் கீரை மருந்து, மற்றவருக்குக் கீரை சுமை என்றால் சமைப்பவள் பாடு திண்டாட்டம்தான். உண்டவுடன் படுக்காமல் முற்றத்தில் சிறிது உலவுவதும் உதவும்.

வயிற்றுக் கோளாறெல்லாம் நரம்புக் கோளாறு என்றும் முடிவு கட்டிவிடாதீர். மெட்பார்மின் மாத்திரை பலருக்குக் கழிச்சலைத் தருகிறது; அளவைக் குறைத்தால் நின்றுவிடும். உடல் எடையைக் குறைக்கவும் சர்க்கரைக்குமாக இப்போது பெருகிவரும் சில ஊசிகள் இரைப்பையைத் தாமே மந்தமாக்குவன. வயிற்றுப் புண், கட்டி ஆகியவையும் இதே குறிகளைக் காட்டும். எனவே முதலில் குழாய் விட்டு உள்ளே பார்த்து அடைப்பில்லை என்று உறுதிசெய்வர். பின்பு, மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து, நான்கு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கிற்று எனக் கருவியால் அளப்பர். நம் நாட்டில் இதற்கு இட்டலியையே பயன்படுத்திய மருத்துவமனைகளும் உண்டு. வெள்ளைக்காரரின் முட்டையும் ரொட்டியும் நம் இரைப்பைக்கு அளவுகோலாகுமா? இட்டலிதான் நியாயம்! வாந்திக்கென மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கும் மாத்திரைகளைப் பற்றியும் ஒரு சொல். அவற்றுள் சிலவற்றை மாதக்கணக்கில் விழுங்கினால் முகமும் நாவும் தாமே கோணி அசையும் நோய் வரக்கூடும். அது சிலருக்கு மாத்திரையை நிறுத்தியும் நீங்குவதில்லை.

ஒருசந்தி பற்றி நம்மிடம் கேட்போருக்கு விடை கூறுவது நம் கடமை. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி, 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறைந்தவர் வரையே ஒருசந்திக் கடமை உண்டு. நோயாளிகள் அதற்கு உட்பட்டவரல்லர். இன்சுலின் போடுகிறவர் திருநீற்றுப் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் வெறும் வயிற்றோடிருப்பது பக்தியன்று, ஆபத்து. நன்மை வாங்குமுன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் விதியும் அத்தகையதே. தண்ணீரும் மருந்தும் அவ்விதியை முறிப்பதில்லை. முதியோரும் நோயாளிகளும் அவர்களைப் பேணுவோரும் அந்த ஒரு மணிக்குள் உண்டிருந்தாலும் நன்மை வாங்கலாம். ஊசி போட்டுவிட்டுப் பூசைக்கு வந்து, பிரசங்கம் நீண்டதால் மயங்கி விழுவோர் இவ்விதியை அறியாதவர்களே. (பிரசங்கத்தின் நீளத்தைக் குறித்து நம்மிடம் முறையிடுவோர் தனியே எழுதுக.) பையில் குளுக்கோசு வைத்திருங்கள், தேவைப்பட்டால் பூசை நடுவிலேயே பருகுங்கள், யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டாம்.

ஆனி மாதத்தில் காரைக்கால் அம்மையார் பெயரால் நடக்கும் மாங்கனித் திருவிழாவில் மாடிகளிலிருந்து மாம்பழங்கள் வீசப்படும் ஊர் நம்முடையது. எல்லாச் சமயத்தாரும் கை நீட்டிப் பிடிக்கிறோம். பிடித்த பழத்தில் ஒரு கீற்றுப் போதும். ஆவணியில் கொடியேற்றத்துக்கென வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோர் அதிகக் கவனமாயிருக்க வேண்டும். மணிக்கணக்கில் நடப்பதால் சர்க்கரை தானே இறங்கும். வழக்கமான ஊசியளவு அன்று மிகுதியாகலாம். புறப்படுமுன் மருத்துவரைக் கண்டு அளவைக் கேட்டுக்கொள்க. இன்சுலின் குப்பியை வெயிலில் காயும் பையில் வைக்காமல் ஈரத் துணி சுற்றிய மண்கலயத்தில் எடுத்துச் செல்க. கால்நரம்பு உணர்விழந்தவர் செருப்பில்லாமல் நடப்பதாக நேர்ந்திருந்தால், அந்த நேர்ச்சையை மாற்றித் தரப் பங்குக் குருவுக்கு அதிகாரம் உண்டு. எந்த மாலையும் வந்து கேட்கலாம்.